நடுவில் வைத்த தட்டுகள்

என் தங்கையின் கல்யாணம் ஒரு மனிதர் ஒரு வேளை சாப்பிடுவதைப் பொறுத்து இருந்தது. அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் தேதி குறிப்பது, சாப்பிடாவிட்டால் கல்யாணம் இல்லை. நிபந்தனையை வைத்தவள் தங்கைதான். புதுச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளின் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. படித்த பெண் தன் வாழ்க்கையைக் கொண்டுபோய் இன்னொருவர் வயிற்றில் கட்டுகிறாளே என்று எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பு பையன் வீட்டார், நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா, மூன்றே பேர். பையன் தங்கையோடு வேலை பார்க்கிறவன். இரண்டு வருடப் பழக்கம். அவன் அப்பா கள்ளக்குறிச்சியில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவர்கள் வீடு ஊருக்குள் இருக்கிறது, எங்கள் வீடு காலனியில் இருக்கிறது. தமிழில் எழுதுவதில் ஒரு வசதி, இதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா அன்று கரும்பு வெட்டப் போகவில்லை. கேசரி கிண்டி, வாழைக்காய் பஜ்ஜி போட்டு, புது டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். தலைமை ஆசிரியர் வாசலிலேயே கும்பிட்டார். நன்றாகச் சிரித்தார். “காலம் மாறிப்போச்சுங்க. நாங்க அதெல்லாம் பாக்கிறதே இல்ல” என்றார். எதையெல்லாம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பஜ்ஜித் தட்டை நீட்டியதும் கையை மார்பில் வைத்துக்கொண்டு, “பேச்சு முடியாம கை நனைக்கிறது எங்க வழக்கமில்லீங்க. தப்பா நெனைக்காதீங்க” என்றார்.

கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். சம்பந்தம் முடிவாகும் முன்பே பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். ஆனால் அது சோற்றுக்கு. காப்பிக்கும் பஜ்ஜிக்கும் அந்தச் சட்டம் கிடையாது, தண்ணீருக்கு யாரும் கேள்விப்பட்டதே கிடையாது. அவர் காரில் இருந்த பாட்டிலை மகனிடம் எடுத்துவரச் சொல்லிக் குடித்தார்.

கார் தெரு முனை திரும்பியதும் நான் ஆடிவிட்டேன். “தண்ணி குடிச்சா இன்னா ஆயிடும் அவருக்கு? இத்தினி வருசம் பள்ளிக்கூடத்துல சமத்துவம்தான சொல்லிக் குடுத்திருப்பாரு?” என்று கத்தினேன். அம்மா பஜ்ஜியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். “உடுடி. வழக்கம் பாக்குறாங்க. உனக்கு எப்பவும் வாய் ஜாஸ்தி” என்றாள்.

வாய் ஜாஸ்திதான். நான் கல்வராயன் மலை மேல் வெள்ளிமலையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வாரம் முழுக்க மலையில் கத்துகிறேன், சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்கி வந்து வீட்டில் கத்துகிறேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டில் பெரிய மனுஷன் செய்ய வேண்டிய வேலையெல்லாம் என் தலையில் விழுந்துவிட்டது. மீசை ஒன்றுதான் பாக்கி.

அந்த வாரமே தங்கை போன் செய்தாள். “அவரு நம்ம வூட்ல சாப்புடலன்னா உடுக்கா. பொதுவா ஒரு எடத்துல எல்லாரும் ஒண்ணா குந்தி சாப்புடலாம். அவரு நம்மளோட சாப்ட்டா தேதி குறிச்சிக்கலாம். அங்கயும் சாப்புடலன்னா எனக்கு வேணாம். நானே வேணாம்னு சொல்லிடறேன்.”

இடத்தைப் பையன் பார்த்துவிட்டானாம். புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த ஓட்டல். “அங்க ஆளுக்கு ஒரு சாப்பாடுன்னு வராதுக்கா. சின்னச் சின்னத் தட்டா நடுவுல வைப்பாங்களாம். எல்லாரும் அதே தட்டுலேந்துதான் எடுத்துக்கணும். அவன் வேணும்னேதான் அந்தக் கடையப் புடிச்சிருக்கான்” என்றாள். குரலில் பெருமை தாங்கவில்லை. நானும் கொஞ்சம் அசந்துதான் போனேன். பரவாயில்லையே, பையனுக்கு மண்டையில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அம்மாவும் கிளம்பினோம். கள்ளக்குறிச்சி வந்து, விழுப்புரம் போய், அங்கிருந்து புதுச்சேரி பஸ். அம்மா வழியில் எதுவும் சாப்பிடவில்லை. பெரிய ஓட்டலில் சாப்பிடப் போகிறோம், வயிற்றில் இடம் வேண்டும் என்றாள். பஸ்ஸில் அவளுக்கு ஒரே ஒரு பாடம் நடத்தினேன். “அவர ஐயான்னு கூப்புடாத. அண்ணேன்னு கூப்புடு.” அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தலையாட்டினாள். அன்று முழுவதும் அவரை ஐயா என்றும் கூப்பிடவில்லை, அண்ணே என்றும் கூப்பிடவில்லை.

ஓட்டல் ஒரு பழைய வீடு. மஞ்சள் சுவர், பெரிய பெரிய ஜன்னல், உள்ளே மதியத்திலும் விளக்கு. மேசை மேல் ஆளுக்கு ஒரு காலித் தட்டு இருந்தது. அதன் அளவைப் பார்த்து அம்மா என் காதில், “இது இன்னாடி, சாமிக்குப் படைக்கிற தட்டாட்டம் இருக்குது?” என்றாள். பரிமாறுகிற பெண் வந்து, இங்கே எல்லாம் பகிர்ந்து சாப்பிடுகிற முறை, எது எப்போது தயாராகிறதோ அது அப்போது வரும் என்று விளக்கினாள். அதாவது பசி உங்களுடையது, நேரம் எங்களுடையது. தலைமை ஆசிரியர், “நல்ல ஏற்பாடும்மா” என்றார்.

அம்மா, நான், தங்கை ஒரு பக்கம். எதிரில் அந்த மூன்று பேர். நான் என்ன மனநிலையில் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் சாப்பிடக் கூடாது என்று ஆசைப்பட்டேன். சாப்பிட்டுவிட்டால் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடுமே. தங்கையின் கல்யாணத்தை விட என் வாய் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

முதல் தட்டில் சின்னப் பூரிகளுக்குள் ரசம். தலைமை ஆசிரியர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். “அட” என்றார். அதன் பிறகு நாங்கள் எடுத்தோம். இரண்டாவது தட்டில் தயிருக்கு மேல் பீட்ரூட், அதற்கு மேல் ஒரு பூ. பூவையும் தின்னலாமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் கரண்டியால் அள்ளினார். நாங்களும் அள்ளினோம். மூன்றாவது வஞ்சிரம், வாழை இலைத் துண்டுகளின் மேல் ஐந்து துண்டு. மேசையில் ஆறு பேர். எந்தத் தட்டிலும் ஆளுக்கு ஒன்று வராதபடி பார்த்துக்கொள்ளத் தனியாக ஒருவரை வேலைக்கு வைத்திருப்பார்கள் போல.

அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே இருந்தார். மீன் ஆறிக்கொண்டே இருந்தது. அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு மீனையே பார்த்தாள்.

“எடுத்து சாப்புடும்மா” என்றேன் மெதுவாக.

“பெரியவங்க மொதல்ல எடுக்கட்டும்டி.”

காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பியவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன். அவர் போனை வைத்துவிட்டு ஒரு துண்டை எடுத்தார். அம்மா உடனே, “நீங்களும் எடுத்துக்கோங்க” என்று பையனின் அம்மாவுக்குத் தட்டை நகர்த்தினாள். எனக்கும் தங்கைக்கும் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

ஆனால் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை நான் மறைக்க முடியாது. ஒரே தட்டு, நடுவில் வைத்த தட்டு, நாங்களும் எடுக்கிற தட்டு. தங்கை மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் பரீட்சை ரிசல்ட் பார்த்துவிட்டு ஓடிவருவாளே, அந்த முகம். சரி தாயே, நான் தோற்றேன், நீ நன்றாக இரு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையாகவே சொன்னேன்.

நான்காவது தட்டு வந்தது. பொன்னிறமாகப் பொரித்த ஐந்து உருண்டைகள், ஓரத்தில் புளிச்சக்கீரைத் துவையல். “இது கல்வராயன் மலைச் சாமை” என்றாள் பரிமாறுகிற பெண், ஏதோ வெளிநாட்டு ஊரின் பெயரைச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி.

அம்மாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நான் மாதம் தவறாமல் மலையிலிருந்து கொண்டுவருகிற சாமையைத்தான் அவள் வீட்டில் பொங்குகிறாள். “அய்ய, இன்னாடி இது! நம்ம சாமைய இப்டி உருட்டி வச்சிக்கினு இருக்கான்!” என்று சத்தமாகச் சிரித்துக்கொண்டே கையை நீட்டி ஒன்றை எடுத்துக் கடித்தாள். “உப்பு கம்மி. ஆனா சாமைதான்” என்றாள். அன்று அவள் மனதார ரசித்துச் சாப்பிட்டது அது ஒன்றுதான். பையனின் அம்மாவும் சிரித்துவிட்டார். அந்த அம்மாளும் ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார்.

தலைமை ஆசிரியர் எடுக்கவில்லை. லேசாக இருமினார். பையனின் அம்மா கையிலிருந்த மீதியைத் தட்டில் வைத்துவிட்டார்.

“எடுத்துக்கோங்க சார்” என்றேன்.

“இல்லீங்க, எனக்குச் சுகரு. பாத்துத்தான் சாப்பிடணும்.”

“சுகருக்குச் சாமை நல்லதுங்க சார். டாக்டருங்களே சாப்பிடச் சொல்றாங்க.”

“அப்படிங்களா?” என்றார், ரொம்ப மகிழ்ச்சியாக. புதிய தகவலுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

ஒரு தடவை நடந்தால் அது எதையும் நிரூபிக்காது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். அடுத்தது காளான். தட்டு மேசையைத் தொட்டதும் நான் முந்திக்கொண்டேன். கையால் அல்ல, அதற்கென்று வைத்திருந்த கரண்டியால், ஒழுங்காக, ஒரே ஒரு துண்டு. தலைமை ஆசிரியர், “காளான் எனக்கு ஒத்துக்காதுங்க” என்றார். சரி, ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். அதற்கடுத்து பனங்கிழங்கை வறுத்துத் தேங்காய்ப் பாலில் போட்டிருந்தார்கள். இந்த முறை நான் கையைக் கட்டிக்கொண்டேன். தங்கை கையை நீட்டப் போனாள், இடித்தேன். மேசையில் ஒரு நிமிடம் யாரும் எதையும் தொடவில்லை. அவர் எட்டி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். “இது பிரமாதம்” என்றார்.

நிரூபணம் ஆகிவிட்டது. நாங்கள் தொடும் முன் அவர் தொட்டால் அது சாப்பாடு. நாங்கள் தொட்ட பிறகு அவருக்குச் சுகர் வந்துவிடும். ஜெயித்துவிட்டேன் என்று தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நான் இடித்த இடத்தைத் தடவிக்கொண்டு அவருடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. எனக்கு அந்த நொடியில் செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. அவள் வாழ்க்கையை வைத்துச் செய்முறைத் தேர்வு நடத்தியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு சாமையோடு நிறுத்தியிருக்கலாம்.

கடைசியாகக் கோழி வந்தது, மிளகு போட்டு. யாரும் அசைவதற்குள் தங்கை ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து எழுந்து நின்று அவர் தட்டில் வைத்தாள். “மாமா, சாப்புடுங்க” என்றாள். அதுவரை அவரை அவள் அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். மாமா என்றது அதுதான் முதல் தடவை.

“இருக்கட்டும்மா” என்றார் அவர்.

“ஒண்ணே ஒண்ணு மாமா.”

அவர் கோழியைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். பையனின் அம்மா மேசை விரிப்பைப் பார்த்தார். பரிமாறுகிற பெண்கூடத் தண்ணீர் ஜாடியோடு நின்றுவிட்டாள். இவ்வளவு நேரம் ஒரு கோழித் துண்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்போது பையன் சிரித்தான். “அப்பாவுக்குக் காரம் ஆகாது” என்று சொல்லி, எட்டி அப்பாவின் தட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான். “செமையா இருக்கு” என்றான். தலைமை ஆசிரியர் சிரித்தார். அம்மா சிரித்தாள். சங்கடம் தீர்ந்த சந்தோஷத்தில் நானும் சிரித்துத் தொலைத்தேன். தங்கை உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஆளுக்கொரு கிண்ணத்தில் இளநீர் பாயசம் வந்தது. தலைமை ஆசிரியர் கடைசிச் சொட்டு வரை வழித்துச் சாப்பிட்டார், சுகரோடு.

வெளியே வந்ததும் அவரும் மனைவியும் காருக்குப் போனார்கள். போகும்போது, “நல்ல நாள் பாத்துச் சொல்றோம்ங்க” என்று என்னிடம் கும்பிட்டார். பையன் எங்களிடம் ஓடிவந்தான். முகம் முழுக்கச் சந்தோஷம், அதில் பொய்யே இல்லை.

“பாத்தியா? ஒண்ணா உக்காந்து சாப்ட்டாச்சு” என்றான் தங்கையிடம்.

“நான் வச்சத நீ ஏன் எடுத்துத் தின்ன?”

“அப்பா சங்கடப்படுவாரேன்னுதான். பழைய ஆளு. போகப் போகச் சரியாயிடுவாரு.”

“எங்கம்மாவும் அங்கதான குந்திக்கினு இருந்தாங்க?”

பையன் அம்மாவைப் பார்த்தான். அப்போதுதான் பார்க்கிறவன் போலப் பார்த்தான். “நீ என்னத்தானே கட்டிக்கப்போற, அவர இல்லையே” என்றான்.

“கட்டிக்கினா தெனம் மூணு வேள சாப்புடணும். எத்தினி வேளைக்கு நீயே எடுத்துத் தின்னுவ?”

அவன் கெட்டவன் இல்லை, இன்றைக்கும் சொல்வேன். காரில் ஹாரன் அடித்தார்கள். திரும்பிப் பார்த்தான், எங்களையும் பார்த்தான், பிறகு போனான். தங்கை ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

பஸ் நிலையத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சிமெண்ட் பெஞ்சில் அம்மாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். தங்கை அழுதாள். மறைக்கவெல்லாம் இல்லை, மூக்கைச் சீந்திச் சீந்தி அழுதாள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அந்த மனிதரைத் திட்ட ஆரம்பித்தேன். அம்மா என் கையைத் தட்டினாள்.

“நீ சும்மா இரு. எல்லாம் என்னாலதான் கெட்டுச்சு” என்றாள்.

“நீ இன்னாம்மா பண்ண?”

“அந்தச் சாமையப் பாத்ததும் மறந்துட்டேன்டி. அதுவரைக்கும் சரியாத்தான பாத்துக்கினு வந்தேன்? அவரு எடுக்கிற வரைக்கும் நான் தொடாம, உங்களையும் தொட உடாம. நல்லாத்தான சாப்ட்டாரு? இன்னும் நாலு தட்டு பொறுத்திருந்தேன்னா முடிஞ்சிருக்கும். பாழாப்போன வாயி.”

மரியாதை என்று நினைத்து நான் எரிச்சல்பட்டது மரியாதையே இல்லை. எங்கள் வீட்டில் அவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்த அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பஜ்ஜியைப் பொட்டலம் கட்டியபடி, அடுத்த முறை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்திருக்கிறாள்.

தங்கை அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

“அந்தப் புள்ள நல்ல புள்ளடி. ஒரு தடவ தப்பு நடந்துபோச்சுன்னு உட்டுடாத. அவரு மொதல்ல சாப்புடட்டும், எனக்கு இன்னா? நீ அவனோட நல்லா இருப்பன்னா எத்தினி தட்டு வந்தாலும் நான் காத்துக்கினு இருப்பேன்” என்றாள் அம்மா.

“அதுக்குத்தாம்மா வேணாங்கிறேன்” என்றாள் தங்கை.